பொய்த்த போர்வெல்லும் கணக்கில் வரட்டும்

கேள்வி: மேலூர் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். எங்கள் ஊரில் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் காட்டிய இடம் பொய்த்ததே இல்லை என்று அப்பா சொல்வார், நானும் சொல்லி வந்தேன். போன மாதம் ஜியாலஜி படிக்கிற என் அக்கா மகள், "தண்ணி வராம மூடுன போரெல்லாம் கணக்குல இருக்கா மாமா?" என்று கேட்டாள். சுள்ளென்று கோபம் வந்து திட்டிவிட்டேன். ராத்திரி யோசித்தால், எங்கள் தோட்டத்திலேயே அப்படி ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. எப்படி மறந்தேன்? எல்லாவற்றையும் இப்படிச் சந்தேகப்பட்டால் மனுசன் வாழ முடியுமா? சித்திரையில் இன்னொரு போர் போட வேண்டும்.

பதில்: மறந்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். தண்ணீர் பீய்ச்சிய போரைச் சுற்றி ஊரே நிற்கும். பத்து வருடம் கழித்தும் அங்கே மோட்டார் ஓடும். பொய்த்த போரில் கேசிங் பைப்பை உருவிக்கொண்டு வாயை மூடிவிடுவோம், இரண்டு உழவில் இடமே தெரியாது. கண்ணில் படுகிறதுதானே மனதில் தங்கும். (உங்கள் தோட்டத்துப் போர் வெறும் கல் வைத்து மூடியதாக இருந்தால், இந்த வாரமே மண் கொட்டி நிரப்புங்கள். 2019இல் மணப்பாறை பக்கம் ஒரு குழந்தை கைவிட்ட போரில் விழுந்து இறந்தது நம் எல்லோருக்கும் தெரியும்.)

அடுத்து, உங்கள் ஊர் மண்ணைப் பாருங்கள். 1895இல் பெரியாறு அணை வந்ததிலிருந்து அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாக மேலூர் வரை வருகிறது. கால்வாயும் நெல் வயலும் கசிகிற பாசனப் பகுதியில் கிணறுகளில் ஊற்று ஏறும். அங்கே தேங்காய் இல்லாமல் குத்துமதிப்பாகக் காட்டினாலும் பல இடங்களில் தண்ணீர் வரும். அவர் காட்டிய இடத்துக்குப் பத்தடி தள்ளிப் போட்டிருந்தால் வந்திருக்காதா? யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அதனால் அவர் சொன்னது பலித்தது என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இதைச் சோதித்தவர்கள் உண்டு. ஜெர்மனியில் மியூனிக் அருகே 1987, 88இல் ஒரு மாடிக் கொட்டகையின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேலே நின்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நீரோட்டம் பார்ப்பவர்கள் சுமார் 500 பேரிலிருந்து தேர்ந்தெடுத்த 43 பேர், மொத்தம் 843 முயற்சிகள். சிலருக்கு மட்டும் திறமை இருப்பதாக நடத்தியவர்கள் சொன்னார்கள். பிறகு 1999இல் எய்ன்ரைட் என்ற விஞ்ஞானி அதே கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, அந்தச் சிலராலும் அடுத்த சுற்றில் அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை என்று தெரிந்தது. உங்கள் ஊர்க்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. நமக்கே தெரியாமல் தசை லேசாக அசையும். தேங்காய் எழுவதைப் பார்த்து அவரும் மனதார நம்புவார்.

அந்தக் கோபத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சொன்னது அப்பா. அவர் சொன்னது தப்பென்றால் அவரையே குறைத்துவிட்டதுபோல உங்களுக்குப் பட்டிருக்கிறது. ஒரு விஷயத்தில் கணக்குத் தவறியதால் அவர் உழைப்பும் அனுபவமும் எங்கும் போய்விடாது. கேள்வி கேட்டதுமே பதிலுக்கு முன்னால் கோபம் வருகிற இடங்களைத்தான் நாம் ஒருநாளும் சோதித்திருக்க மாட்டோம் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. காலையில் முனியாண்டியைக் கும்பிட்டுவிட்டு வயலுக்குப் போவதை யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. ஆனால் கடன் வாங்கிப் போர் போடுவது, காய்ச்சலுக்கு மந்திரித்துவிட்டுக் காத்திருப்பது, தோஷம் என்று பெண்ணுக்கு வந்த வரனைத் தள்ளுவது, இவற்றில் காசோ உயிரோ இன்னொருவர் வாழ்க்கையோ போகிறது. அவற்றை முதலில் எடுங்கள். எடுத்ததும், "எது நடந்தால் நான் நம்புவது தப்பென்று ஒத்துக்கொள்வேன்?" என்று கேளுங்கள். பதிலே வரவில்லை என்றால் அந்த நம்பிக்கையைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

சரி, சித்திரைப் போருக்கு வருவோம். ரிக் வண்டி வருமுன் நீரோட்டம் பார்ப்பவரிடம் இடம், எத்தனை அடியில் வரும், எத்தனை அங்குலத் தண்ணீர் வரும் என்று கேட்டு எழுதி வையுங்கள். எத்தனை அடி தாண்டினால் பொய்த்தது என்பதையும் அப்போதே எழுதுங்கள். இல்லாவிட்டால் நூறடி தள்ளி வந்தாலும் "சொன்னார் பாத்தீங்களா" என்போம். இவர் காட்டிய இடத்தைச் சொல்லாமல், மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி நீரைத் தேடும் ரெசிஸ்டிவிட்டி கருவி வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள், அக்கா மகளுக்கு ஆள் தெரிந்திருக்கும். பாறை வெடிப்பில் மட்டும் தண்ணீர் ஓடுகிற நிலத்தில் கருவியும் தவறும், அது சொல்வதையும் அதேபோல முன்னாலேயே எழுதி வையுங்கள். அப்புறம், உங்கள் பக்கம் வழக்கமாக வருகிற ரிக் வண்டிக்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு அடிக்கணக்கில்தான் கூலி, அதனால் பொய்த்த போர்களும் அவர் நோட்டில் இருக்கும்.