பாப்கேட் தோலுக்கு உண்மையிலேயே 1,000 டாலர் கிடைக்குமா? அதைப் பிடித்து விற்பது நியாயமா?

கிடைக்கும், கிடைத்தும் இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால், யாரோ ஒருவர் பிக்கப் வண்டியின் பின்பக்கம் தோல்களை வரிசையாகத் தொங்கவிட்டு விலை சொன்ன காணொளியைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எவ்வளவுக்கு டீசல் போட்டார் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார்.

நான் நெவாடா மாநிலத்தில் எல்கோ என்ற ஊரில் சில வருடங்கள் இருந்தவன். தங்கச் சுரங்கத்தில் வேலை. (அமெரிக்காவுக்கு வந்த தமிழர் எல்லாருமே கணினி முன்னால் உட்காருவதில்லை.) பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற மெக்கானிக், குளிர்காலம் முழுக்க பாப்கேட்டுக்குப் பொறி வைப்பவர். நான் வேட்டைக்காரன் இல்லை, துப்பாக்கியும் வைத்திருந்ததில்லை. லீவு நாளில் அவர் வண்டியில் ஏறிக்கொண்டு கூடப் போனவன், அவ்வளவுதான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் "கொலைகாரன்" என்று ஒருவர் வருவார், "உனக்கு என்ன தெரியும்" என்று இன்னொருவர் வருவார்.

பாப்கேட் என்பது குட்டை வால் காட்டுப்பூனை. பெரும்பாலும் பத்துக் கிலோவைச் சுற்றித்தான் எடை இருக்கும். அதன் முதுகுக்குப் பெரிய மதிப்பில்லை, விலை முழுக்க வயிற்றில்தான். நெவாடா போன்ற உயரமான, குளிர்ந்த பாலைவனப் பகுதியில் வயிற்று ரோமம் நீளமாக, வெள்ளை வெளேரென்று, அதன் மேல் கறுப்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும்படி இருக்கும். அதே மிருகம் அமெரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் கட்டை ரோமமும் பழுப்பு நிறமுமாக இருக்கும். 2012-13 குளிர்காலத்தில், சீனாவும் ரஷ்யாவும் போட்டி போட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மேற்குப் பகுதியின் நல்ல தோல்கள் 1,000 டாலரைத் தாண்டின. அதே காலத்தில் தெற்கே பிடிபட்ட சாதாரணத் தோலுக்கு 100 டாலர் தேறுவதே பெரிய பாடு. உங்கள் கேள்வியில் "பாப்கேட் தோல்" என்று மொட்டையாக இருக்கிறதே, அதற்கு ஒற்றை விலை கிடையாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தோல் விற்கப் போனபோது ஒருமுறை நானும் போனேன். ஒரு பெரிய ஹால், நீள மேசைகள். ஒவ்வொருவர் சரக்கும் தனித்தனியாகக் கிடந்தது. வியாபாரி வந்தார், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தோலைத் திருப்பி, வயிற்று ரோமத்தை ஊதி ஊதி விரல்களால் பிரித்து, வெள்ளை எவ்வளவு அகலம் என்று பார்த்தார். விலாப் பக்கம் ஒரு இடத்தில் ரோமம் தேய்ந்திருந்தது, குகைப் பாறையில் உரசியிருக்க வேண்டும். உடனே அதை ஒதுக்கி வைத்தார். அருகருகே கிடந்த இரண்டு தோல், என் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். ஒன்றுக்குச் சொன்ன விலையில் பாதிகூட மற்றதற்குச் சொல்லவில்லை. பெரியவர் வாயே திறக்கவில்லை. வயிற்றைக் கீறாமல் பின்காலிலிருந்து முழுசாகக் கழற்றி, கொழுப்பை வழித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பாதி காய்ந்ததும் ரோமம் வெளியே வரும்படி திருப்பி, ராத்திரி பதினொரு மணி வரை கராஜில் நின்று செய்த வேலை அது. அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை.

எனக்கு அந்த ஹாலில் ஈரோடுதான் ஞாபகம் வந்தது. அப்பா மஞ்சள் போட்டவர். 2010-ல் குவிண்டால் 17,000 ரூபாய் வரை போனது நினைவிருக்கும் உங்களில் சிலருக்கு. அந்த விலையைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் கரும்பு, வாழை வைத்திருந்தவர்கள்கூட மஞ்சளுக்கு மாறினார்கள். 2012-ல் 4,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த வருஷம் எங்கள் சரக்கை எடுத்த மண்டிக்காரர் நல்ல விலை போகும் விரலி மஞ்சளைக் கிழங்கு மஞ்சளோடு சேர்த்துத் தரம் பிரித்து, சாக்கு எடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று போட்டு, மூன்று மாதம் கழித்துத்தான் பணம் கொடுத்தார். அப்பா அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வேறு எழுதினார்! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் விலை உச்சியில் இருக்கும்போது கேட்பவர்கள்தான் எப்போதும் அதிகம் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, செலவுக்கு வருவோம். அவருடைய ஒரு சுற்று நூறு மைலுக்குக் குறையாது, பாதி மண் ரோடு, பனி. பாறை விளிம்பு, ஓடைத் திருப்பம், பூனை நடக்கும் தடம் இதெல்லாம் தெரிந்து பொறி வைக்க வேண்டும். பெரும்பாலான நாள் பொறி காலியாகத்தான் இருக்கும், அல்லது நரி. டயர், டீசல், லைசன்ஸ், பொறி எல்லாம் கழித்தால் அவருக்கு மிஞ்சியது கடையில் நின்று சம்பாதிக்கும் கூலிக்கும் கீழே. அவரே சிரித்துக்கொண்டு சொல்வார், இது மனைவியிடமிருந்து தப்பிக்கிற வழி என்று. அப்புறம் 2014-க்கு மேல் ரோமச் சந்தை மொத்தமும் இறங்கியது. 2019-ல் டொராண்டோவின் பெரிய ஏல நிறுவனமான நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்‌ஷன்ஸ் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. அடுத்த வருஷம் கொரோனா.

நியாயமா என்ற இரண்டாவது கேள்விக்கு என் பதில் இரு தரப்புக்கும் பிடிக்காது.

இனமாகப் பார்த்தால் பாப்கேட் அழியும் நிலையில் இல்லை. 2010-ல் வெளிவந்த ஒரு மதிப்பீடு அமெரிக்காவில் 23 லட்சம் முதல் 35 லட்சம் வரை இருக்கலாம் என்றது. ஆனால் இந்த விலையே எப்படி வந்தது என்று பாருங்கள். எழுபதுகளில் சிறுத்தை, ஓசிலாட் போன்ற புள்ளிப் பூனைகளின் வியாபாரத்தைச் சட்டங்கள் அடைத்தன. ரோம வியாபாரிகள் திரும்பிப் பார்த்த புள்ளி வயிறு பாப்கேட்டுடையது. அதுவரை சொற்பக் காசுக்குப் போன தோல் நூற்றுக்கணக்கான டாலருக்கு ஏறியது. 1977-ல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் மற்றப் பூனை இனங்களோடு இதையும் சேர்த்தார்கள். அன்றிலிருந்து ஏற்றுமதியாகும் தோலில் முத்திரை வேண்டும். எத்தனை பூனை இருக்கிறது என்ற நம்பகமான மதிப்பீடு இல்லாமல் ஏற்றுமதியை அனுமதிக்கக் கூடாது என்று 1981-ல் ஒரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1982-ல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, அந்த மதிப்பீடு கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது. முத்திரை குத்தியிருப்பதாலேயே "எண்ணிப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள்" என்று வாதாடுபவர்களுக்கு இதை நினைவுபடுத்துவேன்.

கணக்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. பல மாநிலங்கள் கீழ்த்தாடையோ பல்லோ வாங்கி, பல் வேரில் விழும் வளையங்களை வைத்து வயது பார்க்கின்றன. பிடிபட்டவற்றில் குட்டிகளின் பங்கு குறைந்து வளர்ந்த பெட்டைகளின் பங்கு ஏறினால் எச்சரிக்கை. இலினாய் மாநிலம் நாற்பது வருஷத்துக்கு மேல் மூடி வைத்திருந்த பாப்கேட் வேட்டைப் பருவத்தை 2016-ல் திறந்தபோது 500 பேருக்கு மட்டும் குலுக்கல் முறையில் அனுமதி கொடுத்தது. நான் இருந்த காலத்து நெவாடாவில் பருவம் உண்டு, முத்திரை உண்டு, ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு கிடையாது.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பெரியவர் ஒழுக்கமானவர். முயல் தடம் குறைந்த வருஷம் பூனை குட்டி போடுவதும் குறையும் என்று அவருக்குத் தெரியும். ஒரு பள்ளத்தாக்கில் முயல் தடமே காணோம் என்று பொறியையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சின்னப் பூனை சிக்கினால் கோலில் கயிற்றுச் சுருக்கு மாட்டி அழுத்திப் பிடித்து, காலை விடுவித்து ஓடவிடுவார். நானே பார்த்தேன். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு அரசு நிலம். அடுத்த வாரமே வேறொருவர் வண்டித் தடம் அங்கே இருந்தது. தோல் 60 டாலர் விற்கும் வருஷத்தில் அந்த ஆள் வந்திருக்க மாட்டார். 600 விற்கும்போது வருவார். ஒருவருடைய கட்டுப்பாடு இன்னொருவருக்கு லாபமாகும் இடத்தில், விலை ஏறும் வருஷத்துக்கு என்று ஒரு வரம்பு எழுதி வைக்காமல் "நாங்கள் பார்த்துப் பிடிக்கிறோம்" என்பதை நான் ஏற்க மாட்டேன். கலிபோர்னியாவில் நடந்ததும் இதுதான். உச்ச விலைக் காலத்தில் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா எல்லையோரம் ஒருவர் தன் சொந்த நிலத்தில் வேறு யாரோ கேட்காமல் வைத்த பொறியைக் கண்டுபிடித்தார். 2013-ல் சட்டம், 2015-ல் மாநில வனவிலங்கு ஆணையம் 3-2 என்று வாக்களித்து மாநிலம் முழுவதும் பாப்கேட் பொறிக்குத் தடை.

இன்னொன்றும் எனக்கு ஒப்பாது. நெவாடாவில் அப்போது பொறியை 96 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் இரவுகளில் நான்கு நாள் கால் மாட்டியபடி. பெரியவரிடமே இதைச் சொன்னேன். முடிந்தவரை தினமும் போவேன் என்றார், போகவும் செய்தார். சட்டம் அவரைப் பார்த்து எழுதப்படவில்லையே.

"நீ ஆடு சாப்பிடுகிறாய்தானே?" என்று கேட்க வருபவர்களுக்கு: சாப்பிடுகிறேன். அதனால்தான் ஒட்டுமொத்தமாகத் தடை செய் என்று நான் சொல்லவில்லை. உச்சவரம்பு வை, தினமும் பொறியைப் பார் என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாக, கேட்டவர் அநேகமாக எச்1பி விசாவில் இருப்பவர் என்று நினைக்கிறேன், "சைடு வருமானம்" என்ற சொல் கேள்வி விளக்கத்தில் இருந்தது. பொறி வைக்க லைசன்ஸ் வாங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த விசாவில் உங்களுக்கு ஸ்பான்சர் செய்த கம்பெனி வேலையைத் தவிர வேறு தொழில் செய்து சம்பாதிக்க அனுமதி இல்லை. தோலை விற்று நீங்கள் வாங்கும் காசோலையும் அந்தக் கணக்கில் வரக்கூடும். டீசல் செலவைப் பார்க்கும் முன்னால் ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள்.