பவளத் தொட்டிக்கு விளக்கு: கண்ணுக்கு மங்கல், பவளத்துக்குப் போதும்

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். மூன்று அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கடல்நீர்த் தொட்டியில் எட்டு மாதங்களாக மீன் வளர்க்கிறேன். இனி மஷ்ரூம், ஜோவாந்தஸ், லெதர் ஆகிய பவள வகைகளை வைக்க எண்ணம். சென்னைக் கடைக்காரர் ஒருவர் 165 வாட் எல்.இ.டி. பெட்டி விளக்கை வாங்கச் சொல்கிறார். நண்பரோ எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 50 வாட் வெள்ளை ஃப்ளட் லைட்டே போதும் என்கிறார். தொட்டி கிழக்கு ஜன்னலை ஒட்டி இருப்பதால் காலை வெயிலும் விழுகிறது. எதை வாங்கலாம்? கரண்ட் போனால் விளக்கை இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டுமா?

பதில்: இரண்டில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும் என்றால் பெட்டி விளக்கையே வாங்குங்கள், ஆனால் அதன் திறனில் பாதியைக்கூட நீங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் பவளத் தொட்டி வைப்பவர்கள் வெளிச்சம் போதாமல் பவளத்தை இழப்பது அரிது. வெளிச்சம் கூடிப்போயும், அதோடு வெக்கை சேர்ந்துகொண்டும் இழப்பவர்களே அதிகம்.

நீங்கள் வைக்க விரும்பும் மூன்று வகைகளின் திசுக்களுக்குள்ளும் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைத் தமக்கு இடம் கொடுத்த பவளத்துக்கே தருகின்றன. ஆகவே நாம் விளக்குப் போடுவது உண்மையில் இந்தப் பாசிக்காகத்தான். கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சிவிடுவதால், கீழே எஞ்சுகிற நீல ஒளியைப் பிடித்துக்கொள்ளும்படியே இப்பாசிகளின் நிறமிகள் அமைந்துள்ளன. அலைநீளம் 400 முதல் 500 நானோமீட்டர் வரையிலான நீலமும் ஊதாவும் அவற்றுக்கு முதன்மையான ஒளி.

நம் கண்ணின் கதை வேறு. அதன் கூர்மை 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சையில்தான் உச்சத்தில் இருக்கிறது. 450 நானோமீட்டர் நீலம் எவ்வளவு வலுவாக விழுந்தாலும் நமக்கு மங்கலாகத்தான் தெரியும். நீல விளக்கின் கீழ் தொட்டி இருட்டாக இருப்பதாக நினைத்து ஒளியைக் கூட்டிக்கொண்டே போவதும், வெள்ளை விளக்கின் கீழ் பளிச்சென்று இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைவதும் இதனால் நேரும் பிழைகள். லக்ஸ் காட்டும் மொபைல் செயலிகளும் மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவையே காட்டுவதால், நீல ஒளியைக் குறைத்துத்தான் சொல்லும். தொட்டிக்குள் எந்த மூலையைவிட எந்த மூலை வெளிச்சமானது என்று ஒப்பிட மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

பவளத்துக்குரிய அளவை பார் (PAR) என்பது: 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு. (தூத்துக்குடிக் கரையில் கடலடிப் பாறைத் திட்டுக்கும் பார் என்றுதான் பெயர், முத்துப் பார் என்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) உச்சி வெயிலில் கடற்பரப்பின் மேல் இது 2000 வரை போகும். உங்கள் மஷ்ரூமுக்கு 30 முதல் 80 வரை இருந்தால் போதும். ஜோவாந்தஸுக்கும் லெதருக்கும் 80 முதல் 150 வரை தாராளம். கடைக்காரர் சொல்லும் பெட்டி விளக்கை முழுத் திறனில் எரியவிட்டால், அதன் நேர்கீழே நீரின் மேற்பகுதியில் 300ஐ எளிதாகத் தாண்டிவிடும். அந்த 165 வாட் என்பதே 3 வாட் சிப்புகள் ஐம்பத்தைந்தைப் பெருக்கிச் சொல்லும் கணக்குதான். மீட்டரில் ஓடுவது அதைவிடக் குறைவு. ‘லிட்டருக்கு இத்தனை வாட்’ என்ற பழைய சூத்திரம் குழல் விளக்குக் காலத்தோடு போயிற்று.

உங்கள் நண்பர் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வெள்ளை எல்.இ.டி. என்பது 450 நானோமீட்டரை ஒட்டிய நீலச் சிப்பின் மேல், நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் என்ற பூச்சைப் பூசியதுதான். ஆகவே 6500 கெல்வின் எனக் குறித்த குளிர்வெள்ளை ஃப்ளட் லைட்டிலும் பவளத்துக்கு வேண்டிய நீலம் ஓரளவு இருக்கிறது, மஷ்ரூம் அதன் கீழ் உயிரோடு வளரவும் செய்யும். குறை என்னவென்றால், பவளத்தின் பச்சையும் ஆரஞ்சும் ஒளிர்ந்து தெரிவது நீல ஒளியில்தான். வெறும் வெள்ளையில் எல்லாமே பழுப்பாகத் தோன்றும். கண்ணாடியில் பாசி படிவது உங்கள் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கும். ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ வழியும் இராது. பணம்தான் தடை என்றால் ஒரு வெள்ளை ஃப்ளட் லைட்டோடு ராயல் ப்ளூ எனப்படும் 450 நானோமீட்டர் விளக்கு ஒன்றைச் சேர்த்து மாட்டி, தனித்தனி டைமரில் ஓட்டலாம். அழகாக இராது, ஆனால் வேலை நடக்கும்.

வாங்கும்போது நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி டிம்மர் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்; வைஃபை, இடிமின்னல் விளையாட்டு ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்து பரவல். ஒற்றைப் பெட்டி விளக்கு ஏறக்குறைய இரண்டடிச் சதுரத்துக்குத்தான் சீராக ஒளி தரும். உங்கள் தொட்டி மூன்றடி நீளம். கைக்கு எட்டுமானால் பெரிய விளக்கு ஒன்றுக்குப் பதில் சிறியவை இரண்டை வாங்குவதையே நான் விரும்புவேன்: ஓரங்கள் இருளாது, பாறையின் நிழல் ஒரே பக்கம் விழாது, ஒன்று பழுதானாலும் மற்றொன்று எரியும். ஒன்றே வாங்கினால் 90 அல்லது 120 பாகை லென்ஸ் உள்ளதாகப் பார்த்து, நீர்மட்டத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். நடுவில் லெதர், அதைச் சுற்றி ஜோவாந்தஸ், இரு ஓரங்களின் அடித்தளத்தில் மஷ்ரூம் என்று வைத்தால், அந்தச் சமமற்ற ஒளியே உங்களுக்கு உதவியாகிவிடும்.

தொடக்கத்தில் நீலத்தை 20 விழுக்காட்டிலும் வெள்ளையை 5 விழுக்காட்டிலும் வையுங்கள். பிறகு வாரத்துக்கு ஐந்து புள்ளிக்கு மேல் கூட்டாமல், நீலம் 40, வெள்ளை 10 அல்லது 15 என்ற அளவில் நிறுத்திவிடுங்கள். இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் தொட்டியில் பழைய டி5 குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டிய முதல் நாளே, புதுப் பொருள் வாங்கிய உற்சாகத்தில் அதை முழுத் திறனில் வைத்தேன். பத்து நாட்களுக்குள் மஷ்ரூம்கள் நாணயம் அளவுக்குச் சுருங்கி வெளுத்துவிட்டன. வெளிச்சத்தைக் குறைத்த பிறகு பாதிதான் தேறின. நிறம் வெளிறுவதும் உடல் சுருங்குவதும் ஒளி மிகுதியின் அறிகுறிகள். ஜோவாந்தஸ் தண்டை நீட்டிக்கொண்டு மேலே எட்டிப் பார்ப்பது ஒளிக் குறைவின் அறிகுறி. லெதர் மட்டும் அவ்வப்போது சில நாட்கள் வாடியதுபோல் மூடிக்கொண்டு மெழுகு போன்ற மேல்தோலை உரிக்கும். அது அதன் இயல்பு, அதற்காக விளக்கைத் தொட வேண்டாம்.

அடுத்தது வெப்பம். தொட்டி நீர் 24 முதல் 27 பாகை செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் நாற்பது பாகையைத் தொடும் பாளையங்கோட்டையில் அது தானாக நடக்காது. வெப்பமும் கடும் ஒளியும் ஒன்றுசேரும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை நிலைகுலைந்து, பவளம் அதை வெளியேற்றி வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2016 கோடையில் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததும் கடல்நீர் சூடேறியதால்தான். ஆகையால் ஜன்னல் வெயிலுக்குத் திரை போடுங்கள். வெயிலின் அளவு மாதத்துக்கு மாதம் மாறும், கட்டுப்பாடு உங்கள் கையில் இராது. விளக்கையும் காலையில் தொடங்காமல் பிற்பகல் மூன்று மணிக்கு மெல்ல ஏற்றி இரவு பன்னிரண்டுக்கு அணையும்படி டைமரில் வைத்தால், வீட்டின் உச்ச வெக்கையோடு விளக்கின் சூடு முழுதாகச் சேராது. வேலை முடிந்து வந்து பார்க்கவும் வாய்க்கும். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை. இருளும் பவளத்துக்கு வேண்டும். நீர்ப்பரப்பின் மேல் சிறு ஃபேன் ஒன்றை ஓடவிட்டால் ஆவியாதலால் இரண்டு பாகை வரை குறையும். தூத்துக்குடியின் ஈரக்காற்றைவிட நம் பக்கத்து வறண்ட காற்றில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்; ஆகவே குறைந்த அளவை உப்பிடாத ஆர்.ஓ. நீரால் அன்றாடம் ஈடுசெய்யுங்கள்.

கடைக்காரர் இந்த விளக்கின் வலுவைக் காட்டி, கெட்டியான சுண்ணாம்புக் கூடு கட்டும் கல் பவளங்களையும் வைக்கலாம் என்று ஆசை காட்டக்கூடும். கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை; கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். கரையில் ஒதுங்கியதுதானே என்று காய்ந்த துண்டை எடுத்துவந்து தொட்டிக்குள் அலங்காரமாக வைப்பதும் வம்புதான். நீங்கள் சொன்ன மூன்றும் அந்த வகையில் வராதவை. அதோடு நில்லுங்கள்.

விளக்கை மாட்டும்போது வயர் பிளக்குக்கு நேராகச் செல்லாமல், சற்றுக் கீழே தொங்கி மேலேறிச் செல்லட்டும். வழியும் உப்புநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸில் படியும் உப்பை மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள்.

இன்வெர்ட்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விளக்கு அரை நாள் எரியாவிட்டாலும், ஏன், முழு நாள் எரியாவிட்டாலும் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது. மழைக்காலத்து மேகமூட்டம் கடலில் அதைத்தான் செய்கிறது. ஆனால் நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் குறைந்து முதலில் மீன்கள் திணறும். அலை பம்ப்பையும் ஃபேனையும் மட்டும் இன்வெர்ட்டரில் இணையுங்கள். விளக்கு கரண்ட் வரும்வரை அணைந்தே இருக்கட்டும்.