எடை குறைக்கும் ஊசி எனக்குச் சரிப்படுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. உயரம் 158 செ.மீ., எடை 72 கிலோ. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை இல்லை. புதுச்சேரியில் இருக்கும் என் தோழி வாரம் ஒரு ஊசி போட்டு நன்றாக இளைத்துவிட்டாள். அவளுடைய ஊசிப் பேனாவில் (மருந்து நிரப்பிய, பேனா வடிவ ஊசி) மருந்து மிச்சம் இருக்கிறது, போட்டுப் பார் என்கிறாள். இன்னும் மூன்று மாதத்தில், தையில், தங்கை கல்யாணம். என் அம்மாவுக்கு முன்பு தைராய்டு ஆபரேஷன் நடந்தது. நான் இதைப் போடலாமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதலில், தோழியின் பேனாவைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஊசி முனையைப் புதிதாக மாற்றினாலும், போட்டவரின் ரத்தம் பேனாவுக்குள் ஏறியிருக்க வாய்ப்புண்டு. ஹெபடைடிஸ் பி போன்ற தொற்று அப்படிப் பரவலாம். உங்கள் தோழி அளவை உயர்த்திக்கொண்டே போயிருப்பார். எடுத்த எடுப்பிலேயே அந்த அளவைப் போட்டால் உங்களுக்கு வாந்தி தாங்காது.

செமாக்ளுடைட், டிர்செபடைட் இரண்டும் எடைக் குறைப்பு ஊசிகளாக 2025-இல் இந்தியக் கடைகளுக்கு வந்தன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 30-ஓ அதற்கு மேலோ இருந்தால் தரலாம். 27-ஓ அதற்கு மேலோ இருந்து பிரஷர், சர்க்கரை போன்ற ஏதாவது ஒன்று கூட இருந்தாலும் தரலாம். உங்களுக்கு 28.8 வருகிறது, பிரஷரும் இருக்கிறது. கணக்குப்படி நீங்கள் தகுதியானவர்தான். ஆனால் நான் அதோடு முடிவெடுக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அம்மாவின் ஆபரேஷன். எலிகளில் நடந்த சோதனைகளில் இந்த மருந்துகளால் தைராய்டில் ஒரு வகைக் கட்டி வந்தது. மனிதர்களுக்கும் வரும் என்று உறுதியாகவில்லை. இருந்தாலும், மெடுல்லரி என்ற தைராய்டு புற்றுநோய் தனக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ இருந்தால் இந்த ஊசி கூடாது. அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது பரம்பரையாக வருகிறது. அம்மாவுக்குச் சாதாரணக் கழலையோ, பரவலாகக் காணப்படும் பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோயோ என்றால் இந்தத் தடை இல்லை. "தைராய்டு கட்டி, எடுத்துட்டாங்க" என்று வீட்டில் சொல்வது போதாது. டிஸ்சார்ஜ் சீட்டையும் பயாப்ஸி (எடுத்த கட்டியைச் சோதித்த) ரிப்போர்ட்டையும் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் கேளுங்கள். இது தெரியாமல் தொடங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கணைய அழற்சி (கணையத்தில் வீக்கம்) வந்ததுண்டா, பித்தப்பைக் கல் உண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் இது வேண்டாம். செமாக்ளுடைட் என்றால் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் தொடங்கும்போதும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும், 4 வாரங்களுக்குக் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது.

அப்புறம் கல்யாணம். செமாக்ளுடைட்டை வாரம் 0.25 மி.கி. என்று தொடங்கி, 4 வாரத்துக்கு ஒருமுறை கூட்டி, முழு அளவான 2.4 மி.கி.க்குப் போகவே 16 வாரம் ஆகும். ஆய்வில் சராசரியாக 15 சதவீத எடை இறங்கியது 68 வாரங்களில், உணவுக் கட்டுப்பாட்டோடும் நடையோடும். நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. ஆகவே தையை மனதில் வைத்து இதைத் தொடங்க வேண்டாம். நீண்ட காலம் போட முடியுமா, செலவு கட்டுமா என்று வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் (தைராய்டு போன்ற) நாளமில்லாச் சுரப்பிகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் சோதனைகளை எடுத்துவிட்டுத்தான் முடிவு. ஊசி தொடங்கினால் பசி குறையும், தசையும் சேர்ந்து கரையும். துறைமுகத்து நெத்திலி, முட்டை, சுண்டல் என்று புரதத்தை விடாதீர்கள். எடை இறங்க இறங்கப் பிரஷரும் இறங்கும். தலைசுற்றினால் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். மேல்வயிற்றில் கடுமையான வலி வந்து முதுகுக்குப் பரவினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, அடுத்த ஊசியைப் போடாமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.