பின்கட்டில் முளைத்த கிழங்கைப் பொங்கலுக்குச் சமைக்கலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த எங்கள் பூர்வீக வீட்டைப் பிள்ளையார் நோன்புக்காகத் திறந்தபோது, பின்கட்டுக் கிணற்றடியில் நாங்கள் நடாத கொடி ஒன்று வேலியில் ஏறியிருந்தது. இலைகளின் நுனி சுருண்டிருக்கிறது. பூ அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக இருக்கிறது. தோட்ட வேலைக்கு வந்தவர் தோண்டியெடுத்த கிழங்கைப் பொங்கலுக்குச் சமைக்கலாம் என்கிறார். அப்பத்தாவோ தொடவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, காரைக்குடி

பதில்: அப்பத்தா சொல்வதே சரி. நீங்கள் தந்திருக்கும் அடையாளங்கள் செங்காந்தளுக்கு உரியவை. கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ என்றெல்லாம் அழைக்கப்படுவதும் இதுவே. பாகல், பிரண்டை போன்றவற்றில் பற்றுக்கம்பி தனியாக வளரும்; இதிலோ இலையின் நுனியே நீண்டு சுருண்டு வேலியைப் பற்றிக்கொள்ளும். இதழ்கள் ஆறும் விளிம்பு நெளிந்து மேல்நோக்கி மடங்கியிருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

நம் மாநில மலர் என்பதால் பூவைப் படத்தில் பலர் பார்த்திருப்பார்கள். கிழங்கைப் பார்த்தவர்கள் குறைவு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மழைக்காலம் முடிந்து கொடி காய்ந்துவிட்டால், இலையும் பூவும் காட்டிக்கொடுத்த அடையாளங்கள் மறைந்து, சிறுகிழங்கும் சர்க்கரைவள்ளியும் வீட்டில் குவியும் பொங்கல் நாளில் இதுவும் அவற்றோடு கலந்துவிடக்கூடும். இரண்டு கைகள் கலப்பைபோல் வளைந்து இணைந்திருப்பது இக்கிழங்கின் வடிவம். ஆனால் உடைந்த துண்டில் அது தெரியாது.

செடி முழுவதிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. வேகவைத்தாலும் அது போகாது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காகவே இதைப் பயிரிடுவதும், அந்த விதையிலிருந்து கீல்வாத மருந்து எடுப்பதும் உண்மையே. அதை நம்பி யாரும் கைவைத்தியத்தில் இறங்க வேண்டாம். தின்ற சில மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு கடும் வாந்தியும் பேதியும் தொடங்கலாம். ஆகவே யாராவது தின்றிருந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காமல், கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கொடியை அகற்றுவதானால் கையுறை அணிந்து, கிழங்கு உடையாமல் முழுதாகத் தோண்டுங்கள். மண்ணில் தங்கும் ஒரு கை போதும், அடுத்த மழைக்கு மீண்டும் முளைத்துவிடும். அழகுக்காக விட்டுவைப்பதானால், வீட்டைப் பூட்டும் முன் அந்த இடத்தைச் சுற்றிக் கல் பதித்துவிட்டு, திறவுகோல் வைத்திருப்பவரிடமும் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.