அப்பா உயில் எழுதாம தவறிட்டார், வீடு, பேங்க், பிஎஃப் எல்லாம் எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். அப்பாவுக்கு 54 வயசு, தனியார் கம்பெனி வேலை, மாரடைப்பு, இன்னும் முப்பது நாள்கூட ஆகல. வீடு அவர் சம்பாதிச்சு வாங்குனது, அவர் பேர்லயே இருக்கு, உயில் இல்ல. வீட்ல அம்மா, நீங்க, காலேஜ் படிக்கிற தங்கச்சி. இதையெல்லாம் எழுதிட்டு கடைசில "அப்பாவோட அம்மா ஊர்ல சித்தப்பா வீட்ல இருக்காங்க"ன்னு போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க. நான் பதில் எழுத உக்காந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 படி உயில் இல்லாம ஒரு ஆம்பள இறந்தா அவரோட மனைவி, மகன், மகள், கூடவே அவரப் பெத்த அம்மா, இவங்க எல்லாருக்கும் சம பங்கு. இறந்தவரோட அப்பாவுக்குக் கிடையாது, அம்மாவுக்கு உண்டு. உங்க வீட்டக் கணக்குப் போட்டா நாலு பங்கு, அதுல ஒண்ணு பாட்டிக்கு. முக்காவாசி பேருக்கு இது தெரியாது, எங்களுக்கும் தெரியல. (நீங்க கிறிஸ்தவரோ முஸ்லிமோ இருந்தா பங்கு கணக்கே வேற, அதுக்குத் தனியா கேளுங்க.)

எங்க கதைய சொல்றேன். டெல்டா பக்கம் சின்ன டவுன். அப்பா ஒரு மில்லுல கணக்கெழுதினவர், 2019ல 53 வயசுல போயிட்டார். அம்மா, நான், தம்பி, அப்பறம் பாட்டி. வாரிசு சான்றிதழுக்கு இ-சேவைல போட்டதும் விசாரணைக்கு வந்த விஏஓ முதல்ல கேட்டதே "அவரோட அம்மா இருக்காங்களா"ன்னுதான். இருக்காங்கன்னு சொன்னோம், சான்றிதழ்ல அவங்க பேரும் சேந்து நாலு பேரா வந்துச்சு. வந்தத வாங்கி மஞ்சப்பையில வெச்சோம், அவ்ளோதான். பாட்டிக்கு மட்டும் என்னமோ தோணியிருக்கு, திண்ணையில உக்காந்து வெத்தல இடிச்சுக்கிட்டே ஒருநாள் தம்பிகிட்ட "நான் எங்கயாவது கைநாட்டு வெக்கணுமாடா"ன்னு கேட்டாங்க. அதெல்லாம் ஒண்ணும் வேணாம் பாட்டின்னு சொல்லிட்டோம். அந்த பதில நெனச்சா இப்பவும் மனசு அடிச்சுக்குது.

2021ல பாட்டி தவறிட்டாங்க. மறு வருஷம் தம்பி மாடி கட்ட லோனுக்குப் போனப்ப பேங்க் வக்கீல் பத்திரத்தையும் வாரிசு சான்றிதழையும் பாத்துட்டு, நாலுல ஒரு பங்கு உங்க பாட்டியோடது, அவங்க இறந்ததால அது அவங்க பிள்ளைங்களுக்குப் போயிடுச்சு, அவங்கள்லாம் எங்க கையெழுத்துன்னு கேட்டார். அதாவது பாட்டியோட கால் பங்கு மூணாப் பிரியும், சித்தப்பாவுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு, இறந்த மகனோட பிள்ளைங்கங்கிற முறைல எனக்கும் தம்பிக்கும் சேத்து ஒண்ணு, அதுல அம்மாவுக்குப் பங்கு கிடையாது. ஆக எங்க வீட்ல பன்னெண்டுல ஒரு பங்கு சித்தப்பாவுக்கு, பன்னெண்டுல ஒரு பங்கு அத்தைக்கு. அவங்க ரெண்டு பேரும் தங்க பங்க விட்டுக் குடுக்கற விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணாதவரைக்கும் லோன் இல்ல, விக்கவும் முடியாது. போதாததுக்கு பாட்டிக்குத் தனியா வாரிசு சான்றிதழ் வேணும், அதுக்கு தாத்தாவோட இறப்புச் சான்றிதழ் வேணும், அவரு எந்தக் காலத்துலயோ இறந்தவரு, யாரும் பதிவே பண்ணல. அந்த ஒரு பேப்பருக்கு மட்டும் அஞ்சு மாசம் அலைஞ்சோம்.

சித்தப்பா உடனே சரின்னுட்டார். அத்தைகிட்டதான் நாங்க தப்பு பண்ணோம். தம்பி டைப் பண்ண பத்திரத்த ஃபைல்ல வெச்சு எடுத்துக்கிட்டு நேரா மன்னார்குடிக்குப் போயிட்டான். அத்தை காப்பி குடுத்தாங்க, பேப்பரத் தொடக்கூட இல்ல. "எங்கம்மா கழுத்துல கெடந்த ரெட்டவட சங்கிலி என்னாச்சுன்னு நான் ஒரு வார்த்த கேட்டனா, இப்ப கையெழுத்துக்கு மட்டும் வழி தெரிஞ்சுதா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்களாம். தம்பிக்குக் கோவம், கேஸ் போடலாம்னு குதிச்சான். அப்பறம் அம்மா தனியா போனாங்க, பேப்பர் எதுவும் எடுத்துக்காம. அந்த சங்கிலியையும் பாட்டியோட வெத்தலப் பெட்டியையும் கொண்டுபோய்க் குடுத்தாங்க. பெட்டிக்குள்ள பாட்டி வெச்சிருந்த சுண்ணாம்பு காஞ்சு அப்படியே ஒட்டிட்டு இருந்துச்சாம், அத்தை அத விரலால சொரண்டிக்கிட்டே ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்கன்னு அம்மா சொன்னாங்க. அதுக்கப்பறமும் ரெண்டு லட்சம் கேட்டாங்க, குடுத்தோம். அது அவங்க உரிமை, அதுல எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. சார்பதிவாளர் ஆபீஸ்ல அத்தையோட ரேகை மிஷின்ல விழவே இல்ல, காலமெல்லாம் பாத்திரம் தேச்ச கை, நாலஞ்சு தடவ தொடச்சுத் தொடச்சு வெச்சுதான் விழுந்துச்சு. மாடி கட்ட ஆரம்பிச்சப்ப தம்பி முதல்ல லோன் கேட்டதுலேந்து ஒன்றரை வருஷம் ஆயிருந்துச்சு.

அதனால உங்களுக்கு நான் சொல்ற முதல் வேலை பாட்டி. அவங்க தன் பங்க உங்க அம்மாவுக்கோ உங்களுக்கோ விட்டுக் குடுக்க மனசா இருந்தா இப்பவே விடுதலைப் பத்திரமோ செட்டில்மெண்டோ (உயிரோட இருக்கும்போதே பங்க எழுதிக் குடுக்கற பத்திரம்) எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடுங்க. வெள்ளப் பேப்பர்ல எழுதி வாங்கி வெச்சா வீட்டு விஷயத்துல செல்லாது. படுக்கைல இருந்தா காரணம் சொல்லி மனு குடுத்தா சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு பண்ண சட்டத்துல வழி இருக்கு, கூடுதல் ஃபீஸ் ஆகும். ஒருவேளை அவங்க வேணும்னு சொன்னா அதையும் மரியாதையா ஏத்துக்கணும், பெத்த பிள்ளைய பறிகொடுத்துட்டு இருக்காங்க, அவங்க கைச்செலவுக்கு அவங்களுக்குன்னு ஒண்ணு இருக்கறது நியாயம்தானே. அவங்க பேர மறைச்சு வாரிசு சான்றிதழ் வாங்கலாம்னு யாராச்சும் யோசனை சொல்வாங்க, அந்தப் பேச்சே வேணாம், பின்னாடி சான்றிதழே ரத்தாகும்.

இப்ப மத்தது. இறப்புச் சான்றிதழ்ல அப்பா பேரு ஆதார்ல, வீட்டுப் பத்திரத்துல இருக்கற மாதிரியே இருக்கான்னு ஒவ்வொரு எழுத்தா பாருங்க. எங்கப்பா பத்திரத்துல ஒரு மாதிரி, ஆதார்ல இன்னொரு மாதிரி, ஒரே ஒரு 'ன்' தான் வித்தியாசம், அதுக்கு நோட்டரி அஃபிடவிட் குடுத்து ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க வேண்டியதாச்சு. அப்பாவோட சிம்ம கட் பண்ணிடாதீங்க, ரீசார்ஜ் பண்ணி உயிரோட வெச்சிருங்க. அதுல வர்ற மெசேஜ வெச்சுத்தான் எங்கெங்க என்ன இருக்குன்னு தெரியும், எல்ஐசி பிரீமியம் ஞாபகப்படுத்துவான், சீட்டுக் கம்பெனிக்காரன் தவணை அனுப்புவான். எங்க தம்பி காரியம் முடிஞ்ச கையோட சிம்ம ஒப்படைச்சுட்டான், அப்பறம் அந்த நம்பர் வேற யாருக்கோ போயிடுச்சு. ஆனா அந்த ஃபோன வெச்சு ஜிபேலயோ ஏடிஎம்லயோ அப்பா அக்கவுண்ட்லேந்து பணம் மட்டும் எடுக்கவே எடுக்காதீங்க, இறந்த தேதிக்கப்பறம் எடுத்த பணம் பின்னாடி பிரச்சனையா வந்து நிக்கும்.

பாஸ்புக்க என்ட்ரி போட்டு ரெண்டு மூணு வருஷத்த வரி விடாம படிங்க. மே கடைசி, ஜூன் வாக்குல 436 ரூபா பிடிச்சிருந்தா அது பிரதமர் ஜீவன் ஜோதி இன்சூரன்ஸ், எப்படி இறந்தாலும் 2 லட்சம் வரும், 55 வயசு வரைக்கும் கவர் உண்டு, உங்கப்பாவுக்கு 54. முப்பது நாளைக்குள்ள கிளெய்ம் குடுக்கறது நல்லது, அதனால நாளைக்கே போங்க. எங்கப்பா காலத்துல அது 330 ரூபா, பாஸ்புக்ல மங்கலா அந்த வரி இருந்தத அம்மாதான் விரல் வெச்சு "இது என்னடி பிடிச்சிருக்கான்"னு கேட்டாங்க. கேக்காம விட்டிருந்தா அந்த 2 லட்சம் போயிருக்கும்.

நாமினி விஷயத்துல நிறைய பேர் ஏமாந்து நிக்கறாங்க. நாமினின்னா பணத்த வாங்கி உரியவங்ககிட்ட சேக்கற ஆளு, சொந்தக்காரர் இல்ல. சுப்ரீம் கோர்ட் இத 1983லயே எல்ஐசி பாலிசி கேஸ்ல சொல்லிடுச்சு, ஷேர், மியூச்சுவல் ஃபண்டு விஷயத்துல 2023 டிசம்பர்லயும் அதையே சொல்லிருக்கு. இன்சூரன்ஸ்ல மட்டும் 2015ல சட்டம் மாறி, பெத்தவங்க, கணவன் மனைவி, பிள்ளைங்க நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கேன்னு ஆச்சு. எங்கப்பா சேவிங்ஸ் அக்கவுண்ட் கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது, அதுல நாமினி சித்தப்பா! இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல யாரும் மாத்தல. சித்தப்பா மனுஷன், மூணு லட்சத்துச் சொச்சத்த வாங்கி அன்னிக்கே அம்மா கைல குடுத்துட்டார். எல்லா வீட்லயும் அப்படி நடக்காது. நாமினி இருந்தா இறப்புச் சான்றிதழும் நாமினியோட அடையாளமும் போதும், வாரிசு சான்றிதழ், கோர்ட் சான்றிதழ்னு கேக்கக் கூடாது, 15 நாளைக்குள்ள முடிக்கணும், ரிசர்வ் பேங்க் விதி இது. கவுண்டர்ல அலைய விட்டா எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. பழைய அக்கவுண்ட் எதாவது தூங்குதான்னு பாக்க ரிசர்வ் பேங்க்கோட உத்கம் போர்ட்டல் இருக்கு, பத்து வருஷமா யாரும் தொடாத டெபாசிட்டத் தேடலாம்.

அப்பாவுக்கு பிஎஃப் பிடிச்சிருந்தா ஹெச்.ஆர்.ல போய் மூணு விஷயம் கேளுங்க. பிஎஃப் பணத்துக்கு ஃபார்ம் 20, பென்ஷனுக்கு 10டி, பிஎஃப்போட சேந்தே வர்ற இடிஎல்ஐ இன்சூரன்சுக்கு 5ஐஎஃப். வேலைல இருக்கும்போது இறந்ததால ஒரு மாசம் பணம் கட்டியிருந்தாலே அம்மாவுக்கு விதவை பென்ஷன் உண்டு, தங்கச்சிக்கு 25 வயசு வரைக்கும் தனியா பிள்ளைகள் பென்ஷன் உண்டு. இடிஎல்ஐ அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் வரும். பிஎஃப் பணத்த மட்டும் எடுத்துக் குடுத்துட்டு மத்த ரெண்டையும் வாயத் திறக்காத கம்பெனிங்க இருக்கு, எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு, இடிஎல்ஐன்னு ஒண்ணு இருக்கறதே ஏழு மாசம் கழிச்சு அப்பா கூட வேலை பாத்த ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்.

கடன் பத்தி பயப்படாதீங்க. அப்பா விட்டுட்டுப் போன சொத்து எவ்வளவோ அது வரைக்கும்தான் அவர் கடனுக்கு நீங்க பொறுப்பு, உங்க சம்பளத்துல கை வெக்க முடியாது. எங்க வீட்ல தினசரி காலண்டர் பின்னாடி அப்பா கையெழுத்துல "செட்டியார் 20 ஆடி"ன்னு இருந்துச்சு. இவர் வாங்குனதா, குடுத்ததான்னு யாருக்கும் தெரியல. அம்மா நேரா போய்க் கேட்டாங்க, கடன் வாங்குனதுதான்னு தெரிஞ்சு கட்டிட்டாங்க.

வீட்டுக்கு ஈசி (வில்லங்கச் சான்றிதழ்) போட்டுப் பாருங்க, அடமானம் எதாவது நிக்குதான்னு தெரியும். பட்டா, ஈபி, வீட்டு வரி பேர் மாத்தறதெல்லாம் பாட்டி விஷயம் முடிஞ்சப்பறம் செஞ்சா ஒரே தடவையா முடியும். தங்கச்சிகிட்ட "உனக்குத்தான் நகை போடப் போறோமே"ன்னு சொல்லி கையெழுத்து வாங்கச் சொல்லி சொந்தக்காரங்க யாராச்சும் ஆரம்பிப்பாங்க. எனக்கும் சொன்னாங்க. சீர் செஞ்சதால பங்கு போகாது, அவளாப் படிச்சுப் பாத்து, அவளா முடிவு பண்ணி போடற கையெழுத்தா இருக்கட்டும்.

எங்கம்மா 2022லயே உயில் எழுதிட்டாங்க. நல்ல நாளும் அதுவுமா சாவப் பத்தி என்ன பேச்சுன்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க, அம்மா கேக்கல. அதுக்கு ஸ்டாம்ப் பேப்பரே தேவை இல்ல, சாதாரணத் தாள் போதும், அம்மா கையெழுத்துப் போடறத ரெண்டு சாட்சி பாத்து அவங்களும் போடணும், சாட்சிங்க சொத்து வாங்கறவங்களா இல்லாம இருக்கறது நல்லது. ரிஜிஸ்டர் பண்றது கட்டாயம் இல்ல, ஆனா பண்ணுங்க, அம்மாவும் பண்ணாங்க. தம்பி பேர்ல இப்பவே செட்டில்மெண்ட் எழுதிடலாமேன்னு ஒருத்தர் சொன்னார், நான் கண்டிப்பா வேணாம்னு நின்னேன். உயில எப்ப வேணா மாத்தலாம், செட்டில்மெண்ட் எழுதுன நிமிஷம் வீடு கைவிட்டுப் போயிடும். பாத்துக்கணும்னு நிபந்தனை போட்டு எழுதி, பிள்ளைங்க பாத்துக்கலன்னா 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல ரத்து பண்ண வழி இருக்கு, ஆனா வயசான காலத்துல அம்மா எதுக்குப் போய் அங்க நிக்கணும். உங்கம்மாகிட்டயும் இதப் பேசுங்க, இப்ப வேணாம், வருஷாப்தி ஆகட்டும்.

436 ரூபா விஷயத்த நாளைக்குப் பாத்துடுங்க. இந்த ஞாயித்துக்கிழமை அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு பாட்டியப் பாக்கப் போங்க. முதல் தடவ பேப்பர் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க. சித்தப்பாவும் பக்கத்துல இருக்கும்போதே பாட்டிக்கு ஒரு பங்கு இருக்குன்னு நீங்களே சொல்லுங்க, அவங்க என்ன நெனக்கிறாங்கன்னு கேளுங்க.