பவளத் தொட்டியில் நுண்தனிமங்கள்: வாசகர் கேள்வி – பதில்

என்னுடைய 300 லிட்டர் ரீஃப் தொட்டித் தண்ணீரை ஐசிபி பரிசோதனைக்கு (தண்ணீரில் உள்ள தனிமங்களை அளக்கும் ஆய்வகச் சோதனை) அனுப்பினேன். உப்புத்தன்மை 33, கால்சியம் 395, மக்னீசியம் 1215, ஸ்ட்ரான்ஷியம் 7.1, அயோடின் 0.02. எல்லாமே குறைவாம். செம்பு 12 மைக்ரோகிராம், நிக்கல் 9 மைக்ரோகிராம் என்பதைச் சிவப்பில் காட்டியிருக்கிறார்கள். குறைந்தவற்றுக்கெல்லாம் தனித்தனியாகப் பாட்டில் வாங்கிவிட்டேன். எதில் தொடங்கலாம்?
– வாசகர், சிங்கப்பூர்

எதையும் இப்போது திறக்க வேண்டாம். அறிக்கையில் முதலில் படிக்க வேண்டிய வரி உப்புத்தன்மை. ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு என்பதே இந்த எண். கடல்நீர் 35, உங்கள் தொட்டி 33. உப்போடு சேர்ந்து வரும் அத்தனையும் ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்துதான் தெரியும். கால்சியம் 395ஐ 35ஆல் பெருக்கி 33ஆல் வகுத்துப் பாருங்கள்: 419. அதே கணக்கில் மக்னீசியம் 1289, ஸ்ட்ரான்ஷியம் 7.5. கடல்நீரில் இவை லிட்டருக்குச் சுமார் 410–420, 1290, 8 மில்லிகிராம். ஆக, உங்கள் தொட்டியில் உண்மையான குறைபாடு அயோடின் ஒன்றுதான் (அதைப் பற்றிக் கீழே, சென்னை வாசகருக்கான பதிலில்). ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீருக்குப் பதில் 35 உப்புநீரை ஊற்றி வாருங்கள். 300 லிட்டருக்குத் தேவைப்படும் கூடுதல் உப்பு 600 கிராம்தான். தினம் நாலு லிட்டர் ஆவியானால் நாலைந்து நாளில் சரியாகிவிடும்.

உப்புத்தன்மையை ஒளிவிலகலால் அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரையும் சந்தேகியுங்கள். மலிவு விலைக் கருவிகள் பல, சாதாரண உப்புக் கரைசலுக்கு அளவு குறிக்கப்பட்டவை. நல்ல தண்ணீரை விட்டுப் பூஜ்யத்துக்குச் சரிசெய்தாலும் 35 பக்கத்தில் தவறு நிற்கும். 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீரில் 36.5 கிராம் தூய சோடியம் குளோரைடைக் கரைத்தால், அதன் ஒளிவிலகல் 35 கடல்நீரின் ஒளிவிலகலுக்குச் சமம். அதில் ஒரு சொட்டு விட்டு, கோடு 35இல் நிற்கும்படி திருகைத் திருப்புங்கள்.

இனி, சிவப்பு வரிகள். உங்கள் கவலை இங்கேதான் இருக்க வேண்டும். நுண்தனிமம் என்றாலே "என்ன குறைகிறது?" என்று தேடுகிறோம். பவளத்தைக் கொல்வது பெரும்பாலும் மிகுதிதான். கடல்நீரில் செம்பு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமைக்கூட எட்டாது. மீன்கள் ஒன்றும் காட்டிக்கொள்ளாது. நத்தைகள் கண்ணாடியில் ஏறாமல் மணலில் கவிழ்ந்து கிடப்பதும், இறால் தோல் உரிக்கும்போது சாவதும்தான் முதல் அடையாளம்.

செம்பும் நிக்கலும் சேர்ந்து ஏறினால் முதல் சந்தேகம் காந்தத்தின் மேல். பம்புகளிலும் கண்ணாடி துடைக்கும் காந்தத்திலும் இருப்பது நியோடைமியம். அதன் மேல்பூச்சு நிக்கல், செம்பு, மறுபடி நிக்கல் என்று அடுக்கடுக்காக இருக்கும். ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர் (நுரையால் கழிவை நீக்கும் கருவி) பம்ப், வேவ்மேக்கர் எல்லாவற்றின் ரோட்டரையும் (காந்தம் உள்ள சுழலும் பகுதி) கழற்றுங்கள். பிளாஸ்டிக் உறையை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். முடியளவு விரிசல், லேசான புடைப்பு, விளிம்பில் கசியும் பழுப்புத் துரு, இதில் ஒன்று இருந்தாலும் அந்த ரோட்டர் திரும்பத் தொட்டிக்குள் போகக் கூடாது. எபாக்ஸி பூசிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே அரிப்பு நிற்காது.

மூலத்தை எடுத்த பிறகுதான் தண்ணீர் மாற்றுவதில் பயன் உண்டு. 20 சதவீதம் வீதம் மூன்று முறை மாற்றினால் பழைய செம்பில் பாதி எஞ்சும். கூடவே ஆக்டிவேட்டட் கார்பனும், செம்பைப் பிடிக்கும் ரெசினும் போடுங்கள். கல்லும் மணலும் பிடித்துவைத்த செம்பை மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும் என்பதால் ஒரு மாதம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

நிக்கலோடு குரோமியம் ஏறினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளிப்பைத் தேடுங்கள். வெள்ளீயம் வந்தால் மிருதுவான பிவிசி குழாய். அலுமினியம் வந்தால் அலுமினா வகை பாஸ்பேட் நீக்கி, அல்லது செராமிக் மீடியா. தோல்பவளங்கள் (லெதர் கோரல்) பல நாள் விரியாமல் சுருங்கிக் கிடப்பது இதோடு அடிக்கடி சேர்ந்து வரும்.

ஐசிபி அனுப்பினால் வீட்டு டெஸ்ட் கிட் தேவையில்லையா? மாதிரி எடுப்பதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

தேவை. ஐசிபி கருவி ஆர்கான் வாயுவைப் பல ஆயிரம் டிகிரியில் பிளாஸ்மாவாக்கி, அதில் தண்ணீரைத் தெளித்து, ஒவ்வொரு தனிமமும் உமிழும் ஒளியை அளக்கிறது. தனிமம் தெரியும், சேர்மம் தெரியாது. ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன்), அம்மோனியா, பிஎச் மூன்றையும் அது சொல்லாது. நைட்ரேட்டுக்கு ஆய்வகம் வேறு கருவி வைத்திருந்தால்தான் உண்டு. ஆல்கலினிட்டியை வாரம் இரண்டு முறையாவது, ஒவ்வொரு முறையும் நாளின் அதே நேரத்தில், வீட்டிலேயே பாருங்கள். அறிக்கையில் பாஸ்பரஸ் என்று இருந்தால் 3.07ஆல் பெருக்கினால் பாஸ்பேட். அது கரிமப் பாஸ்பரஸையும் சேர்த்த மொத்தம் என்பதால் கிட் காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

மாதிரிக் குழாயைத் தொட்டித் தண்ணீரால் மூன்று முறை அலசி, நடுத்தண்ணீரில் நிரப்புங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. ஏதாவது டோஸ் செய்திருந்தால் மறுநாள் எடுங்கள். கையில் காசிருந்தால் இரண்டாவது குழாயில் உங்கள் ஆர்ஓ தண்ணீரையும் அனுப்புங்கள். பாதிப் புதிர் அதிலேயே அவிழும்.

200 லிட்டர் தொட்டி. அயோடின் 0.03 என்று வந்தது. பொட்டாசியம் அயோடைடு வாங்கி நானே கரைசல் செய்யலாமா? லுகோல் கரைசல் எளிதா?
– வாசகர், சென்னை

செய்யலாம். கடல்நீரில் அயோடின் லிட்டருக்கு 0.06 மில்லிகிராம். அதை எட்ட உங்களுக்கு வேண்டியது மிக மிகச் சிறிய அளவு. அதனால் 0.01 கிராம் வரை காட்டும் தராசு கட்டாயம். சமையலறைத் தராசு உதவாது. ஆய்வகத் தரப் பொட்டாசியம் அயோடைடு 1.31 கிராமை ஆர்ஓ தண்ணீரில் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். இதில் ஒரு மில்லி எடுத்தால் அயோடின் ஒரு மில்லிகிராம். பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், வெளிச்சம் படாமல் வையுங்கள். மஞ்சளாகத் திரும்பினால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

கல், மணல் போக உங்கள் தொட்டியில் 170 லிட்டர் தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 0.03 உயர்த்த 170 × 0.03 = 5.1 மில்லி. தினம் ஒரு மில்லி, ஐந்து நாள். ஓட்டமுள்ள இடத்தில், பவளத்தின் மேல் நேராக விழாமல் விடுங்கள்.

பிறகு தினசரி எவ்வளவு? பத்து நாள் எதுவும் போடாமல் விட்டு மீண்டும் அளவெடுங்கள். 0.06 என்பது 0.04 ஆகியிருந்தால் 3.4 மில்லிகிராம் செலவு; தினம் 0.34 மில்லி. இன்சுலின் சிரிஞ்சில் துல்லியமாக அளக்கலாம். ஸ்கிம்மர், கார்பன், பாசி மூன்றும் அயோடினை எடுப்பதால் கார்பன் மாற்றிய வாரத்தில் செலவு கூடுவது இயல்பு. 0.1ஐத் தாண்ட விடாதீர்கள்.

லுகோல் (அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் கலந்த கரைசல்) வேண்டாம். ஐந்து சதவீத லுகோல் ஒரு மில்லியில் சுமார் 126 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. ஒரே ஒரு சொட்டு உங்கள் தொட்டியை 0.037 உயர்த்திவிடும். கை நடுங்கி இரண்டு சொட்டு விழுந்தால் அளவு 0.1க்கு மேல். புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடினைத் தொட்டியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது வேறு பொருள்.

சமையலறை ஆர்ஓ இயந்திரத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்புகளைக் காட்டுவது) 40 காட்டுகிறது. குடிக்கிற தண்ணீர்தானே, தொட்டிக்கு ஆகாதா?
– வாசகி, மதுரை

ஆகாது. வீட்டு ஆர்ஓ இயந்திரங்கள் பலவற்றில் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும். சுவைக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் வேலை அதனுடையது. சில இயந்திரங்களில் வேண்டுமென்றே செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜும் உண்டு. மனிதருக்குத் தீங்கில்லாத அந்த அளவு, நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம்.

இதை டிடிஎஸ் மீட்டர் காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். ஊற்றும் தண்ணீரில் செம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் கணக்கில் அது 0.05; முழு எண்ணாக மாறவே மாறாது. 200 லிட்டர் தொட்டியில் தினம் நாலு லிட்டர் ஆவியானால், தண்ணீர் போகும், செம்பு தங்கும். தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு, நாளுக்கு ஒரு மைக்ரோகிராம் வீதம் மாதத்துக்கு 30. மின்விசிறி வைத்துத் தொட்டியைக் குளிர்விக்கும் வீடுகளில் இன்னும் வேகம்.

மெம்பிரேனிலிருந்து வெளியே வரும் குழாயிலேயே, கார்ட்ரிட்ஜுகளுக்கும் சேமிப்புத் தொட்டிக்கும் முன்பாக ஒரு டி-இணைப்பு போட்டு எடுங்கள். பித்தளை இணைப்பு வேண்டாம், பிளாஸ்டிக் போதும். அந்தத் தண்ணீரை நிறம் மாறும் டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் பிடிக்கும் மணிகள்) வழியாக விட்டு, மீட்டர் 0 காட்டினால் மட்டும் பயன்படுத்துங்கள். மீட்டர் 0 காட்டியும் கண்ணாடியில் பழுப்புப் பாசி விடாமல் வந்தால் ரெசினை மாற்றுங்கள். களைத்த ரெசின் முதலில் விட்டுவிடுவது அந்தப் பாசி வளர உதவும் சிலிக்காவை. மின்சுமை இல்லாததால் மீட்டருக்கு அது தெரியாது.

கடற்கரையில் கிடக்கும் பவளக்கல்லைப் போட்டால் ஸ்ட்ரான்ஷியம் கிடைக்குமா?
– வாசகர், தூத்துக்குடி

கிடைக்காது. தொட்டியின் பிஎச் 8க்கு மேல் இருக்கும்போது அந்தக் கல் கரையாது. கரியமில வாயு விட்டு பிஎச்சை 6.5 அளவுக்கு இறக்கும் கால்சியம் ரியாக்டரில்தான் கரையும். அதைவிட முக்கியம்: கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள்.

மூன்று அறிக்கைகளிலும் இரும்பு, மாங்கனீஸ் பூஜ்யம். பாட்டிலில் சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு போட்டும் ஏறவில்லை. மூன்று மடங்கு போடலாமா?
– வாசகர், கோலாலம்பூர்

கூடாது. கடலிலேயே இவை லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழேதான். ஐசிபி கருவியின் அளவீட்டு எல்லைக்கு அடியில் இருப்பதைத்தான் அறிக்கை பூஜ்யம் என்கிறது. போட்டதும் பாசியும் பாக்டீரியாவும் உறிஞ்சிவிடும், மீதி துருவாகப் படியும். எண்ணைத் துரத்தினால் படிவுதான் சேரும். சம்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) வளரும் கீட்டோ என்ற பச்சைப் பாசியைப் பாருங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தும் அது வெளிறி, இழை மெலிந்து உடைந்தால் பாட்டிலில் சொன்னதில் கால் பங்கு தொடங்கி, இரண்டு வாரம் அதே அளவில் நிறுத்திக் கவனியுங்கள். கரும்பச்சையாக இருந்தால் எதுவும் போட வேண்டாம்.