நாலரை மணிக்குக் கத்தும் பூனை: கேள்வி பதில்

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தில் பாதி, சேர்வராயன் மலைக் கிராமங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டே கழிந்தது. பூனைகள் பிறகுதான் வந்து சேர்ந்தன. இப்போது சூரமங்கலம் வீட்டில் நான்கு இருக்கின்றன, நான்கும் தெருவில் எடுத்தவை. நான் மருத்துவர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் பூனை ஓயாமல் கத்துகிறது, காலைச் சுற்றியே வருகிறது என்று ஒரு வாரமாக வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. பூனை கத்துகிறதே, எங்கோ வலிக்கிறது போலும் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அரை மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும்.

ஏற்காடு, காபித் தோட்டக் குடியிருப்பிலிருந்து: அக்கா, எட்டு மாதத்துக்கு முன் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மழையில் நனைந்துகொண்டிருந்த பெண் பூனையை எடுத்து வந்தோம். இரண்டு வயது இருக்கும் என்றார் மருத்துவர். கருத்தடை ஆகிவிட்டது, உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தினமும் விடியற்காலை நாலரை மணிக்குக் கத்தத் தொடங்குகிறது. எங்களுடையது வரிசை வீடு. பக்கத்து வீட்டார் எழுந்துவிடுவார்களே என்று நான் எழுந்து சோறு வைத்துவிடுகிறேன். பகலில் குளியலறைக் கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று அழுகிறது. என்ன செய்வது?

கண்ணு, மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கே ஒரு கும்பிடு. மற்றவர்கள் கவனிக்கவும்.

வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது அபூர்வம். சண்டைக்குச் சீறும், இணைக்கு ஊளையிடும், அவ்வளவுதான். 'மியாவ்' என்பது குட்டியாக இருந்தபோது தாயைக் கூப்பிட்ட குரல். தாயிடம் அது செல்லாது என்று ஆன பிறகும் மனிதரிடம் செல்லும் என்று கண்டுகொண்ட பூனை அதை விடுவதில்லை. உங்கள் பூனை மழையிலும் பசியிலும் கிடந்து வந்தது. அடுத்த வேளை உண்டா இல்லையா என்ற கணக்கு அதற்கு இன்னும் தீரவில்லை. அதனால்தான் கதவு சாத்தினால் பதறுகிறது.

நாலரை மணிக்கும் காரணம் இருக்கிறது. பூனை இரவு முழுவதும் அலையும் பிராணி என்பார்கள். உண்மையில் அது சூடு பிடிப்பது அந்தியிலும் விடியலிலும்தான், எலியும் குருவியும் நடமாடும் வேளை அது. வேட்டைக்கு எழுந்த பூனை தோட்டத்துப் பக்கம் போவதற்குப் பதிலாக உங்கள் கட்டிலருகே வருகிறது. ஏனென்றால் இரை அங்கேதான் கிடைக்கிறது. அது கத்துகிறது, நீங்கள் எழுகிறீர்கள், கிண்ணம் நிறைகிறது. நீங்கள் பூனையைப் பழக்கவில்லை, பூனை உங்களைப் பழக்கியிருக்கிறது. நல்ல ஆசிரியைதான்.

இனி செய்ய வேண்டியது. இரவு ஒன்பதரை மணிக்குக் கயிற்றில் ஒரு கோழி இறகைக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். இறகைத் தரையோடு இழுக்க வேண்டும், எலி போகிற மாதிரி. கடைசியில் ஒரு முறையாவது அது பிடித்துவிட வேண்டும், இல்லையென்றால் எரிச்சலோடு முடியும். உடனே அன்றைய பெரிய உணவை வையுங்கள். வேட்டை, தீனி, நக்கிச் சுத்தம் செய்துகொள்வது, தூக்கம் என்று பூனைக்கு ஒரு வரிசை உண்டு, அதை இரவுக்கு நகர்த்துகிறோம். மலைக்குளிரில் விடியற்காலை எழுந்துகொள்ள இன்னொரு காரணமும் இருக்கும். அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே பழைய கம்பளித் துணி போட்டு, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வையுங்கள்.

காலையில் நீங்கள் எழுவதற்கும் கிண்ணம் வைப்பதற்கும் இடையே அரை மணி நேரமாவது இருக்கட்டும். பல் துலக்குங்கள், வாசல் தெளியுங்கள், காபி குடியுங்கள். கண் விழித்தால் சோறு என்ற முடிச்சு அவிழ வேண்டும். நாலரை மணிக்குக் கத்தினால் அசையாதீர்கள். திட்டாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், 'ஷ்' என்றுகூடச் சொல்லாதீர்கள். திட்டும் கவனிப்புதான். வீட்டில் எல்லாரும் இப்படி இருக்க வேண்டும். பாட்டி மட்டும் இரக்கப்பட்டு ஒரு துண்டு மீன் போட்டால் கதை முடிந்தது.

முக்கியமானது இதுதான்: முதலில் கத்தல் கூடும். நேற்றுவரை திறந்த கதவு இன்று திறக்கவில்லை என்றால் நாமும் பலமாகத் தட்டத்தானே செய்வோம்? நான்காம் நாள், ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் எழுந்தீர்கள் என்றால், 'ஐந்து நாள் கத்தினால் கிடைக்கும்' என்று கற்றுக்கொடுத்தவர் ஆவீர்கள். எப்போதும் கொடுப்பதைவிட ஒரு நாள் கொடுத்து ஒரு நாள் கொடுக்காமல் இருப்பது மோசம். என் தாய்மாமன் வாரம் தவறாமல் லாட்டரிச் சீட்டு வாங்கினார். எப்போதோ ஒரு முறை ஐம்பது ரூபாய் விழுந்தது, அதுதான் காரணம். 2003இல் அரசு தடை செய்த பிறகுதான் அவர் நிறுத்தினார். உங்கள் பூனைக்கு அரசு நீங்கள்தான்.

பகலில் இதைத் திருப்பிப் போடுங்கள். அது சும்மா உட்கார்ந்திருக்கும்போது நீங்களாகப் போய்த் தடவுங்கள். வாயை மூடியிருந்தால் கை வரும் என்று அதற்குத் தெரியட்டும். குளியலறைக் கதவை அரை நிமிடம் சாத்திவிட்டு, அது கத்துவதற்கு முன்பே திறந்து பழக்குங்கள். பக்கத்து வீட்டாரிடம் இன்றே போய், இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளும்படி சொல்லிவிடுங்கள். கையில் நான்கு கமலா ஆரஞ்சு இருந்தால் நல்லது.

பேர்லண்ட்ஸ்: ஆண் பூனை காலையிலிருந்து மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து கத்துகிறது. சிறுநீர் வரவில்லை. சூடு பிடித்துக்கொண்டதா? பார்லி தண்ணீர் கொடுக்கலாமா?

வேண்டாம். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கூடையில் போட்டு மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால் ஓரிரு நாளில் இறந்துவிடும். நாளைக் காலை என்று தள்ளாதீர்கள். வலிக்கு மாத்திரையும் வேண்டாம், காரணம் மேலே இருக்கிறது.

குகை, விசைத்தறிக்காரர்: அம்மா, எங்கள் பூனைக்குப் பதினொரு வயது. நன்றாகத் தின்கிறது, ஆனால் இளைத்துக்கொண்டே போகிறது. இரவில் நடுக்கூடத்தில் நின்று யாரையோ கூப்பிடுவது போல் கத்துகிறது. தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கிறது.

இது செல்லத்தில் வரும் கத்தல் அல்ல, ஐயா. பத்து வயதைத் தாண்டிய பூனை தின்றும் இளைத்தால் முதலில் தைராய்டைப் பார்க்க வேண்டும், கூடவே சிறுநீரகம், இரத்த அழுத்தம். காது மந்தமான கிழப் பூனை தன் குரல் தனக்கே கேட்காமல் பலமாகக் கத்துவதும் உண்டு. சில பூனைகளுக்கு முதுமையில் புத்தி தடுமாறி இரவில் வழி தெரியாமல் நிற்கும். எது என்று இரத்தப் பரிசோதனை செய்யாமல் யாராலும் சொல்ல முடியாது. தைராய்டு என்றால் தினசரி மாத்திரை இருக்கிறது. இரவில் கூடத்தில் சின்ன விளக்கு ஒன்றை எரியவிடுங்கள்.

அம்மாப்பேட்டை: ஆறு மாதப் பெண் குட்டி இரண்டு நாளாகத் தரையில் புரண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஊளையிடுகிறது. சுளுக்கு என்கிறார் அத்தை. காற்றுக் கருப்பு என்கிறார் எதிர்வீட்டம்மா.

பருவத்துக்கு வந்திருக்கிறது. மாடு கத்தினால் மட்டும் எல்லாருக்கும் புரிகிறது! ஒரு வாரம் போல இருக்கும், அடங்கும், கருவுறாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும். நம் ஊர் வெயிலில் இதற்கு மாதம் கிழமை கிடையாது. இப்போது கதவை ஒழுங்காகச் சாத்துங்கள், பிறகு மருத்துவரிடம் நாள் கேட்டுக் கருத்தடை செய்துவிடுங்கள். கதவு ஒரு முறை திறந்திருந்தால் அறுபத்து மூன்று நாள் கழித்து நீங்கள் வேறு கேள்வியோடு வருவீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிப் பட்டறை: பட்டறையில் வளரும் பூனை இரவெல்லாம் சத்தம். கத்துவது போதாதென்று கழுத்தில் கட்டிய கொலுசு மணியும்.

மணியைக் கட்டியது யார், தம்பி? இன்றே கழற்றுங்கள். சத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இறுக்கமான கயிறு எங்காவது மாட்டினால் கழுத்தை நெரிக்கும், சிறு மணி கழன்றால் விழுங்கிவிடும். மீதிக்கு ஏற்காட்டுப் பதிலைப் படியுங்கள்.

ஆத்தூர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்: இவ்வளவு எழுதினீர்கள், பால் பற்றி ஒரு வரியும் இல்லையே? இரவில் ஒரு கிண்ணம் பால் வைத்தால் எந்தப் பூனையும் தூங்கிவிடும். என் பாட்டி வீட்டில் பாலும் சோறும் தின்றே பூனைகள் பதினைந்து வருடம் இருந்தன.

ஐயா, பால் மறந்த குட்டிக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துகொண்டே போகும். பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். வயிறு கடுத்தால் இன்னும் கத்தும்.

ஓமலூர், பால் பண்ணை: அதெல்லாம் பாக்கெட் பாலுக்கு. எங்கள் தொழுவத்தில் கறக்கும் நேரத்தில் ஐந்து பூனைகள் வரிசையாக உட்காரும். கறந்த சூட்டோடு குடிக்கின்றன, ஒன்றுக்கும் ஒன்றும் ஆனதில்லை.

கறந்த பாலிலும் அதே லாக்டோஸ்தான். தாங்கும் பூனைகள் உண்டு, மறுக்கவில்லை. தாங்காதவை உங்கள் தொழுவத்தில் கண் முன்னால் கழிவதில்லை, வைக்கோல் போருக்குப் பின்னால் போகின்றன.

ஆத்தூர் ஆசிரியர் மீண்டும்: கம்பரே தம் காவியத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைத் தமக்கு உவமை சொல்கிறார். பூனைக்கும் பாலுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததல்ல.

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். ஆனால் கம்பர் சொல்வது அந்தப் பூனையின் ஆசையை. ஆகாத காரியத்தில் இறங்கினேன் என்று தம்மைத் தாழ்த்திக்கொள்ள அதை எடுத்துக்கொண்டார். கடலைக் குடித்த பிறகு அதன் வயிறு என்ன ஆனது என்று அவர் பாடவில்லை.

ஆத்தூர் ஆசிரியர்: உடலுக்கு வேண்டியதைத்தானே உயிர் ஆசைப்படும்?

எனக்குத் தட்டுவடை செட் மேல் தீராத ஆசை, ஐயா. என் இரத்த அழுத்தத்துக்கு அது வேண்டியதா என்று என் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இருந்தாலும் உங்கள் பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டுப் பூனைகள் பால்சோற்றில் வாழவில்லை. குதிரில் நெல் இருந்தது, நெல்லுக்கு எலி வந்தது, எலியைத் தின்று வாழ்ந்தன. பால்சோறு பாட்டியின் அன்புக்காக. இன்று மூன்றாம் மாடி வீட்டில் எலி எங்கே? இறைச்சியும் மீனும் இல்லாமல் பால்சோறு மட்டும் போட்டால் டாரின் என்ற சத்து கிடைக்காது. கண் பார்வை போகும், இதயம் வீங்கும். உப்பும் காரமும் போடாமல் வேகவைத்த மத்தி மீன், கோழி ஈரல் கொஞ்சம், கோழிக்கறி கொடுங்கள். வெந்த எலும்பு கூடாது.

ஓமலூர்: அப்படியானால் என் பூனைகளுக்குப் பாலை நிறுத்தச் சொல்கிறீர்களா?

இல்லை. எலியும் பிடித்து, பாலும் குடித்து, கொழுகொழுவென்று இருக்கும் பூனைகளை நான் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? கத்தலுக்குப் பால் மருந்தல்ல என்றுதான் சொன்னேன். பால் விவகாரம் இத்துடன் போதும். இதற்கு மேல் வந்த பதினோரு பால் கடிதங்களை நான் வெளியிடவில்லை.

கொண்டலாம்பட்டி: விடியற்காலை நான்கு மணிக்குக் கத்துகிறது...

ஏற்காட்டுப் பதில்.

மேட்டூர்: ஐந்து மணிக்கு...

அதே பதில். கடிகாரத்தைப் பொறுத்து மருந்து மாறாது.

சங்ககிரி: துணைக்கு இன்னொரு பூனை வாங்கினால் கத்துவது நிற்குமா?

நிற்கலாம், இல்லையென்றால் இரண்டு கத்தும். இளம் பூனை, நாள் முழுவதும் தனியாக இருக்கிறது என்றால் யோசிக்கலாம். கத்தலை நிறுத்துவதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

அஸ்தம்பட்டி: பூனை சொறிந்துகொண்டே கத்துகிறது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து மீதி இருக்கிறது, முதுகில் விடலாமா?

கூடாது! நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு வலிப்பு வந்து சாகும். நாய்க்கு விட்டிருந்தாலும் காயும் வரை பூனையை அதன் பக்கம் விடாதீர்கள். பாராசிட்டமாலுக்குச் சொன்ன அதே குரலில் இதையும் சொல்கிறேன்.

வாழப்பாடி: எங்கள் பச்சைக்கிளியும் இப்படித்தான் ஓயாமல்...

கிளி எனக்குத் தெரியாது. நாட்டுப் பச்சைக்கிளி என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் அடைத்து வைப்பதே குற்றம். வனத்துறையிடம் பேசுங்கள்.

இளம்பிள்ளை: வீட்டு வாசலில் பூனை அழுதால் கெட்ட சகுனமாமே?

பூனைக்கு.

ஏற்காடு, மீண்டும்: அக்கா, இன்றோடு நான்கு இரவு. இறகு, பெட்டி எல்லாம் செய்தேன். பெட்டியில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. ஆனால் நேற்று மூன்றே முக்காலுக்கே தொடங்கி ஐந்து மணி வரை கத்தியது, முன்பு இப்படி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆரஞ்சு தீர்ந்துவிட்டது என்கிறார். விட்டுவிடட்டுமா?

இன்னும் நான்கு ஆரஞ்சு கொடுங்கள். எழாதீர்கள்.